வாங்கிய பேச்சைத் திருப்பித் தந்த சைலன்சர்

மலையிலிருந்து இறங்குகிற தண்ணீரை வாழைக்குக் கொடுத்து, வாழையை மண்டிக்குக் கொடுத்து, மண்டியிலிருந்து தார்களை லாரிலாரியாக வெளியூருக்கு அனுப்பிவிட்டுத் தன் பாட்டுக்கு இருந்த மஞ்சநாயக்கனூரில், ஆடி மாதம் முதல் வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, சுருளிவேல் தன் பிக்கப் வண்டியின் சாவியைத் திருகியபோது, மூன்று தெருவுக்குக் கேட்கிற வழக்கமான உறுமலுக்குப் பதிலாக வண்டியின் பின்பக்கக் குழாயிலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்து, "ஏ கீரைக்காரரே, அரைக்கீரை இருந்தா ரெண்டு கட்டு போட்டுட்டுப் போங்க" என்று கூப்பிட்டது.

சுருளிவேல் இறங்கிப் போய்ப் பின்னால் பார்த்தான். யாரும் இல்லை. எதிர்வீட்டு ராசாத்தி வாசல் பெருக்குவதை நிறுத்திவிட்டு விளக்குமாறும் கையுமாக வந்து குழாயின் வாய்க்குள் எட்டிப் பார்த்து, "இது என் குரலுதாண்ணே" என்றாள். "ரெண்டு வருசத்துக்கு முந்திக் கூப்பிட்டது. அப்பப் பாத்து உங்க வண்டி கெளம்புச்சு, அந்தாளு காதுல விழுகல, திரும்பிக்கூடப் பாக்காமப் போனாரு. அன்னைல இருந்து நான் அவருகிட்டக் கீரையே வாங்குறதில்ல." இதைச் சொல்லிவிட்டு அவள் மிச்ச வாசலைப் பெருக்கப் போய்விட்டாள். அன்று மாலை கீரைக்காரர் வந்தபோது கூப்பிட்டு இரண்டு கட்டு வாங்கவும் செய்தாள்.

அந்தக் குழாய் வண்டியோடு வந்ததல்ல. இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆவணியில், கம்பெனி மாட்டி அனுப்பிய சைலன்சரைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெளியூர்க் கடை ஒன்றில் தொங்கிக்கொண்டிருந்த, தொடைத் தடிமனும் குடத்து வாயுமாக மினுங்கிய இந்த வெளிச்சரக்கை சுருளிவேல் ஆசைப்பட்டு வாங்கி வந்து மாட்டிக்கொண்டான். வண்டி நன்றாக மூச்சு விடும், மலையேற்றத்தில் இழுவை கூடும் என்று கடைக்காரன் சொன்னான். இழுவை கூடியதா என்று சுருளிவேலுக்கு இன்றுவரை தெரியாது. சத்தம் கூடியது. பிறந்ததிலிருந்தே சுருளிவேலுக்குக் குரல் தணிவு. டீக்கடையில் மூன்று தடவை சொன்னால்தான் ஒரு டீ வரும், பஸ்ஸில் நிறுத்தச் சொன்னால் அடுத்த ஊரில்தான் நிற்கும், கல்யாண வீட்டில் அவன் சொல்லத் தொடங்கிய கதையை வேறு யாராவதுதான் சொல்லி முடிப்பார்கள். அப்பேர்ப்பட்டவன் சாவியைத் திருகினால் ஊரே திரும்பிப் பார்த்தது. அதில் அவனுக்கு இருந்த சந்தோஷத்தை அவன் பெண்டாட்டி பவுனிடம்கூடச் சொன்னதில்லை.

குழாயை மாட்டிக் கொடுத்த மெக்கானிக் அபுதாகிர் அன்றைக்கே சொன்னார்: "மாப்ள, இது சத்தத்த அடக்குற சாமான் இல்ல. ஊதுற கொம்பு. பழசத் தூக்கிப் போடாத, என் பட்டறையிலயே கெடக்கட்டும்." அவர் சொன்னபடியே குழாய் படுத்தியது. மாதம் ஒரு தடவை தாங்குகிற ரப்பர் அறுந்தது, மூட்டில் புகை கசிந்து கேபினுக்குள் வந்தது, வீட்டுக்குப் போனாலும் காதுக்குள் ஒரு வண்டு இரைந்துகொண்டே இருந்தது, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அவன் வண்டியைக் கண்டதும் காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒதுங்கின. சுருளிவேல் கழற்றவில்லை. வனராஜுக்கு அது நடந்த பிறகும் கழற்றவில்லை. நடந்த பிறகு கழற்றுவது ஒப்புக்கொள்வது போலாகிவிடும் என்று பயந்து, முன்னைவிடப் பிடிவாதமாக வைத்திருந்தான்.

வனராஜ் மண்டியில் சுமை தூக்குகிறவன். முப்பத்திரண்டு வயது, ஒரே தூக்கில் இரண்டு தாரைத் தோளில் ஏற்றிக்கொண்டு பாட்டுப் பாடியபடி நடக்கிற உடம்பு. போன தை மாதம், பொங்கல் கழிந்த நான்காம் நாள் மத்தியானம் மூன்று மணிக்கு, மண்டி மேடையை ஒட்டிப் பின்னால் நின்றுகொண்டு, சுருளிவேல் வண்டியைப் பின்பக்கமாக எடுக்க, அவன் வழி சொன்னான். வழி சொல்வது என்றால், வண்டி வரலாம் என்றால் "ரைட், ரைட்" என்பதும் நிற்க வேண்டுமென்றால் "ஓல்டான்" என்பதும்தான். வண்டி நிற்கவில்லை. வண்டிக்கும் சிமெண்ட் மேடைக்கும் நடுவில் அவனுடைய வலது கால் போய்விட்டது, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

மண்டிச் சங்கத் தலைவர் சன்னாசி மறுநாள் மண்டியில் எல்லோரையும் உட்கார வைத்து விசாரித்தபோது, சுருளிவேல் சொல்ல நினைத்தது "எனக்குக் கேக்கலை" என்பது. அவன் வாயிலிருந்து வந்தது "அவன் குரல் குடுக்கலை" என்பது. ஒரு வரிதான் மாறியது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஊர் மிச்சத்தைக் கட்டிக்கொண்டது. குரல் கொடுக்கவில்லை என்றால் கவனம் வேறெங்கோ இருந்திருக்கிறது, கவனம் வேறெங்கோ என்றால் போனைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பான், என்று பேச்சு வளர்ந்து, ஒரு வாரத்தில் வனராஜ் போன் பார்த்ததைக் கண்ணால் கண்டவர்களே மூன்று பேர் ஆகிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த வனராஜ், "கூப்பிட்டேன், தொண்ட கிழியக் கூப்பிட்டேன்" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தான். வீட்டுக்கு வந்த பிறகு அவன் பெண்டாட்டி தெய்வக்கனியே, "போனத் தூக்கி அடுப்புல போடுறேன், அதுதான நம்ம குடியக் கெடுத்துச்சு" என்று அழுதாள். அதற்குப் பிறகு அவன் சொல்வதை நிறுத்திவிட்டான்.

சுருளிவேல் மாதம் ஒரு தடவை ஒரு சீப்புப் பழத்தைத் தூக்கிக்கொண்டு வனராஜைப் பார்க்கப் போவான். சித்திரையில் ஒரு நாள் அப்படிப் போயிருந்தபோது வனராஜ் அவனுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டு, "உங்க மேல ஒரு வருத்தமும் இல்லண்ணே. நான்தான் குரல் குடுக்காம இருந்திருக்கேன் போல. எனக்கே இப்ப நெனவு வரமாட்டேங்குது" என்றான். சுருளிவேல் அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியாமல் சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஏனென்றால் அவனுக்கு நினைவிருந்தது. வண்டியைப் பின்னால் எடுத்தபோது பக்கத்துக் கண்ணாடியில் வனராஜின் முகம் தெரிந்தது, வாய் முழுக்கத் திறந்திருந்தது. ரைட் சொல்கிறான் என்று நினைத்து, சத்தத்தின் சுகத்தில் இன்னும் கொஞ்சம் ஆக்ஸிலேட்டரை அழுத்தினான். விசாரணையில் சன்னாசிக்குப் பதில் சொன்ன நேரத்திலும் அந்தத் திறந்த வாய் அவன் கண்ணுக்குள்ளேதான் நின்றது.

அப்படியிருக்க, ஆடியில் குழாய் பேசத் தொடங்கியது.

இரண்டு மூன்று நாளிலேயே ஊர் அதன் போக்கைக் கண்டுபிடித்துவிட்டது. குழாய் மாட்டிய முதல் நாளிலிருந்து, அதன் இரைச்சலுக்குள் காணாமல் போன பேச்சையெல்லாம், போன வரிசையிலேயே அது திருப்பிக் கொடுத்துக்கொண்டு வந்தது. வண்டி ஒரு நாள் ஓடினால் ஒரு வாரப் பேச்சு வெளியே வந்தது. அந்தந்த வாசலில் தொலைந்தது அந்தந்த வாசலைக் கடக்கும்போது வந்தது, ஒரே இடத்தில் நின்று இரைந்தால் எல்லா வாசல் பேச்சும் அங்கேயே வந்தது. ஒன்று ஒரு தடவைதான் வரும், இரண்டாம் தடவை கேட்க வழியில்லை. இதற்கெல்லாம் என்ன காரணம் என்று முதல் ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச நேரம் பேசிப் பார்த்தார்கள். டீசலில் ஏதோ கலப்படம் என்று ஒருவரும், உள்ளே படிந்த கரி என்று இன்னொருவரும் சொன்னார்கள். அதற்குள் புளி வியாபாரம் செய்கிற பேச்சியம்மாள், காரணம் எதுவாகவும் இருக்கட்டும், வண்டி எத்தனை மணிக்குத் தன் தெருவுக்கு வரும் என்று அதைச் சொல்லுங்கள் என்று கேட்டதால், பேச்சு காரணத்தை விட்டுவிட்டு நேரத்துக்குப் போய்விட்டது.

பேச்சியம்மாளுக்கு அவசரம் இருந்தது. பேத்தியின் காதுகுத்துக்கு நாத்தனாரைத் தெருவில் பார்த்து அழைத்தபோது நாத்தனார் பதில் சொல்லாமல் போனாள் என்று ஒன்றரை வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஆடி பதினெட்டுக்கு மறுநாள் வண்டி கடந்தபோது குழாய், "மொத ஆளா வந்து நிப்பேன் மதினி, நீங்க சொல்லணுமா" என்றது. பேச்சியம்மாள் புளி அரிந்த கையோடு நாத்தனார் வீட்டுக்கு நடந்தாள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அருளானந்தம் தினமும் காலையில் தாடி மழித்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். முந்தைய வருஷம் கார்த்திகையில் இறந்துபோன அவர் மனைவி ரெஜினாவின் குரல் ஒரு நாள் வந்து, "அந்த அழுக்குச் சட்டையோட போகாதீங்க, மாத்திட்டுப் போங்க" என்றது. அவர் எழுந்து உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். சுருளிவேல் வண்டியை நிறுத்தி, "ஒங்களுக்கு எதுவும் வேணுமா சார்?" என்று கேட்டான். "நாளைக்கும் இதே நேரத்துக்கு வாப்பா" என்றார் அவர்.

நல்லது மட்டும் வரவில்லை. வண்டிச் சத்தம் இருக்கிற தைரியத்தில் மாமியாரைத் திட்டிய மருமகள்களும், மருமகள்களைத் திட்டிய மாமியார்களும், கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டே வாடிக்கையாளரின் மண்டையை வைது தீர்த்த சலூன் கடைக்காரரும் ஒவ்வொருவராகப் பிடிபட்டார்கள். ஒரு வாரத்தில் எட்டு சண்டை. கடைசியில் சன்னாசி மண்டி வாசலில் ஊரைக் கூட்டினார். வெகுநேரம் பேசி, வண்டிச் சத்தத்துக்குள் சொன்னது வழக்கில் சேராது, குழாய் சொன்னதை வைத்து யாரும் யாரிடமும் நியாயம் கேட்கக் கூடாது, சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம், அழுகிறவர்கள் அழலாம், அத்தோடு சரி என்று முடிவு செய்தார்கள். எல்லோரும் கலைந்து போனபோது சுருளிவேலுக்கு மட்டும் நெஞ்சுக்குள் ஏதோ இளகிய மாதிரி இருந்தது. அந்த இளக்கத்தை அவன் கவனித்தான், கவனித்ததும் வெட்கமாக இருந்தது.

வீட்டு வாசலில் வண்டியைக் கிளப்பும்போது தினமும் ஏழு தடவை பவுனின் குரல் வந்தது. ஒரு வாரத்துக்கு ஏழு காலை. "பாத்துப் போயிட்டு வாங்க." ஏழு தடவையும் அதே சொல், அதே இழுப்பு. இந்த இரண்டு வருஷத்தில் அவள் அப்படி ஒரு தடவைகூடச் சொன்னதாக அவனுக்குத் தெரியாது. பவுன் கோலப்பொடியைக் கையில் வைத்துக்கொண்டு தன் குரலைத் தானே கேட்டபடி நிற்பாள், அவன் முகத்தைப் பார்ப்பாள்.

சுருளிவேலுக்கும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. குழாய் மாட்டியதற்கும் பொங்கல் கழிந்த நான்காம் நாளுக்கும் நடுவில் எழுபத்து மூன்று வாரம். அப்படியென்றால் எழுபத்து மூன்றாவது ஓட்டத்தில் அந்த நாள் வந்துவிடும். அவன் ஓட்டத்தைக் குறைத்துப் பார்த்தான், காய்ச்சல் என்று நான்கு நாள் படுத்துப் பார்த்தான். ஊர் வாசலில் வந்து நின்று, கஷாயம் கொடுத்து, நலம் விசாரித்து, "நாளைக்கு வண்டி எடுத்துருவீங்கல்ல?" என்று கேட்டது. புரட்டாசி வந்தது, மழை வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் குழாயிலிருந்து பொங்கல் குலவைச் சத்தமும், கரும்பு கேட்டு அழுகிற பிள்ளைச் சத்தமும் வரத் தொடங்கியபோது, அவன் பாதி வழியில் லோடை இன்னொரு வண்டிக்கு மாற்றிவிட்டு, நேராக அபுதாகிர் பட்டறைக்கு ஓட்டினான்.

"கழட்டுங்க மாமா. பழசையே மாட்டிருங்க."

அபுதாகிர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார். "இப்பத்தான் அடங்கி ஒழுங்கா ஓடுது. ஊர்ல பாதிப் பேரு அவங்க தேதிக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க. இப்ப என்ன அவசரம் மாப்ள?"

"மூட்டுல ஒழுகுது."

"இப்பவா ஒழுகுது? ரெண்டு வருசமா ஒழுகுது." அவர் வண்டிக்கு அடியில் ஒரு சாக்கை விரித்தார். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார். துருப்பிடித்த போல்ட் இரண்டை நெருப்பு வைத்து இளக்க வேண்டியிருந்தது. கிளாம்ப் கழன்றதும் குழாய் மடியில் விழுகிற பிள்ளை மாதிரி அவர் நெஞ்சில் வந்து விழுந்தது. மூலையில் சாக்குப் போட்டுக் கிடந்த கம்பெனி சைலன்சரைத் தட்டித் தூசி எடுத்து, புது கேஸ்கட் வைத்து, புது ரப்பரில் தொங்கவிட்டு முறுக்கினார். எல்லாம் ஒரு மணி நேர வேலை. சாவியைத் திருகியபோது வண்டி ஒரு வீட்டு மிக்ஸி அளவுக்குத்தான் முனகியது. குழாயைப் பின்னால் போட்டு, தார்ப்பாயால் மூடி, சுருளிவேல் வீட்டுக்குக் கொண்டுபோனான்.

ஊர் கோபப்படவில்லை, அதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. ராசாத்தி, "போகட்டும்ணே, இரும்புதான், எத்தன நாளைக்குத் தாங்கும்" என்றாள். அருளானந்தம் வாத்தியார் மட்டும் மறுநாள் காலையும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், வண்டி சத்தமில்லாமல் கடந்து போனபோது எழுந்து நின்றார், பிறகு நாற்காலியை மடித்துக்கொண்டு உள்ளே போனார். சத்தமில்லாத வண்டிக்குள் சுருளிவேலுக்கு எல்லாமே கேட்டது. ராட்டினத்தில் வாளி இடிக்கிறது, எங்கோ குழந்தை இருமுகிறது, காலையில் பவுன் ஒரே ஒரு தடவை, "பாத்துப் போயிட்டு வாங்க" என்கிறாள். 

மூன்றாம் நாள் வனராஜ் வந்தான். ஊன்றுகோலை ஊன்றி, மேட்டுத் தெருவிலிருந்து கீழத்தெரு வரைக்கும் தனியாக நடந்து, சட்டையெல்லாம் நனைந்து வந்து நின்றான். பவுன் ஸ்டூலை எடுத்துப் போட்டாள். அவன் உட்காரவில்லை.

"அண்ணே, அந்தக் குழாயக் கழட்டிட்டீங்களாமே?"

"ஆமாப்பா. ஒழுகுச்சு."

"அது இருக்கட்டும். ஒரே ஒரு நாளைக்கு மட்டும் திருப்பி மாட்டி ஓட்டுங்கண்ணே. நான் நாள எண்ணிக்கிட்டே இருந்தேன். நான் குரல் குடுத்தேனா, குடுக்கலையான்னு என் காதால கேட்டுக்கிறணும். குடுக்கலைன்னா குடுக்கலைன்னு ஒத்துக்கிட்டுப் போயிருவேன். ரெண்டுங்கெட்டானா இருக்கத்தான் முடியல. படுத்தா ஒரு பக்கம் கூப்பிட்டேன்னு தோணுது, இன்னொரு பக்கம் கூப்பிடலைன்னு தோணுது."

சுருளிவேல் வாசல்படியில் உட்கார்ந்தான். பவுன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் சொன்னது பக்கத்தில் நின்ற அந்த இரண்டு பேருக்கு மட்டுமே கேட்கிற அளவுக்குத்தான் இருந்தது.

"நீ குடுத்தப்பா. எனக்குக் கேக்கலை. ஆனா கண்ணாடியில நீ வாயத் தெறந்து கத்துறத நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் குடுக்கலைன்னு சொன்னேன்."

வனராஜ் ஊன்றுகோலைத் தரையில் ஓங்கி ஒரு தடவை இடித்தான். அடிக்கப் போகிறான் என்று பவுன் நினைத்தாள், அடிக்கட்டும் என்று சுருளிவேல் நினைத்தான். வனராஜ் மெதுவாக ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து, இல்லாத காலின் பக்கத்தில் மடித்துச் செருகியிருந்த வேட்டியை நீவி விட்டுக்கொண்டே இருந்தான். "எட்டு மாசம்" என்றான். "என் பொண்டாட்டி என் மூஞ்சியப் பாத்துச் சோறு போட்டு எட்டு மாசம் ஆச்சு."

"நாளைக்கே குழாய மாட்டி மண்டிக்கு ஓட்டியாறேன். ஊரே கேக்கட்டும்."

"குழாய் சொல்றது வழக்குல சேராதுன்னு ஊரு முடிவு பண்ணிருச்சுல்ல." வனராஜ் எழுந்தான். "நீங்கதான் சொல்லணும். எங்க வச்சு என்னையச் சொன்னீங்களோ அங்க வந்து சொல்லுங்க."

அவன் தெருமுனை திரும்புகிற வரைக்கும் பவுன் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போனாள். அன்று அவளும் சுருளிவேல் முகத்தைப் பார்க்காமல்தான் சோறு போட்டாள்.

மறுநாள் மண்டியில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. மேடை முழுக்கத் தார், சுற்றிலும் நூறு பேர், நடுவில் சன்னாசி கைத்துண்டை ஆட்டி விலை கூவிக்கொண்டிருந்தார். ஓரமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு வனராஜும் அவனுக்குப் பின்னால் தெய்வக்கனியும் நின்றார்கள். சுருளிவேல் தார்களுக்கு நடுவில் போய் நின்று சொன்னான். யார் காதிலும் விழவில்லை. இரண்டாம் தடவை சொன்னான், பக்கத்தில் இருந்தவர் மட்டும் "என்னங்க?" என்றார். மூன்றாம் தடவை, கழுத்து நரம்பு புடைக்க, குரல் உடைந்து கீச்சிட, "வனராஜ் கத்துனான்! நான் பாத்தேன்! பாத்துட்டுத்தான் பொய் சொன்னேன்!" என்றான். ஏலம் நின்றது. ஒரு தாரிலிருந்து சொட்டிய பால் சிமெண்டில் விழுகிறது கேட்டது. போன் பார்த்ததைக் கண்ணால் கண்ட மூன்று பேரில் இரண்டு பேர் அங்கேதான் இருந்தார்கள், அவர்கள் தரையைப் பார்த்தார்கள். சன்னாசி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "வனராஜ், நீ என்னப்பா சொல்ற?" என்று கேட்டார்.

"அவரு சொல்லிட்டாரு. அது போதும்" என்றான் வனராஜ். பிறகு, "இப்ப அந்தக் குழாய மாட்டச் சொல்லுங்க. வழக்குக்கு இல்ல. நான் கேக்கணும்" என்றான்.

சுருளிவேல் வீட்டுக்குப் போய்க் குழாயைக் கொண்டுவந்தான், அபுதாகிர் வந்து அங்கேயே படுத்து மாட்டினார். சுருளிவேல் சாவியைத் திருகினான். பொங்கலின் மிச்சச் சத்தமெல்லாம் வந்தது, மாட்டுக்கு மணி கட்டுகிற பேச்சு, யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிற பேச்சு, பவுனின் "பாத்துப் போயிட்டு வாங்க" நான்கு தடவை. நூறு பேரும் குழாயைச் சுற்றி நெருங்கி வந்தார்கள். அப்புறம் வனராஜின் குரல் வந்தது, இரண்டு கால் இருந்த காலத்தின் தெம்பான குரல். "ரைட்... ரைட்... வரலாம்... ஓல்டான்."

சுருளிவேல் ஒரு தடவை என்று நினைத்திருந்தான், மிஞ்சிப்போனால் இரண்டு. குழாய் நிறுத்தவில்லை. "ஓல்டான். ஓல்டாண்ணே. அண்ணே ஓல்டான். ஓல்டான்! ஓல்டான்! அண்ணே ஓல்டான்! ஓல்டான்! ஓல்டான்!" என்று ஒவ்வொன்றும் முந்தியதைவிட மேலே ஏறி, கடைசியில் சொல்லே இல்லாத ஒரு கத்தலாக முடிந்தது. சுருளிவேல் எஞ்சினை அணைத்தான். அணைத்த கை சாவியிலேயே இருந்தது.

"ஒம்பது" என்றான் வனராஜ். அவன் விரலில் எண்ணியிருந்தான். திரும்பிப் பெண்டாட்டியிடம், "ஒம்பது தடவ கூப்பிட்டுருக்கேன் கனி" என்றான். தெய்வக்கனி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, மற்றக் கையால் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள், யார் யாரைத் தாங்கிக்கொண்டு நின்றார்கள் என்று சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஊர் தன் வழக்கப்படி செய்தது. குழாயில் இன்னும் ஆறு மாதப் பேச்சு மிச்சமிருந்ததால் அபுதாகிர் அதைக் கழற்றி வாய்க்கால் கரையில் இருந்த தண்ணீர் இறைக்கிற டீசல் மோட்டாரில் மாட்டினார். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊர் பாயைக் கொண்டுபோய் விரித்துக் கேட்டது, ஐப்பசிக் கடைசியில் பேச்சு தீர்ந்து, வெறும் காற்று மட்டும் வந்தபோது பாயைச் சுருட்டிக்கொண்டது. சுமை தூக்குகிறவர்கள் கூடி, சுருளிவேல் வண்டியில் இனிக் கை வைப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். அதை அவர்கள் அவனிடம் சொல்லவில்லை, வண்டி வந்தால் எழுந்து வேறு பக்கம் போனார்கள். வனராஜைச் சங்கம் கூப்பிட்டு, மேடைக்கு வருகிற எல்லா வண்டிகளுக்கும் வழி சொல்கிற வேலையைக் கொடுத்தது. இப்போது அந்த மண்டியில் அவன் "ஓல்டான்" என்றால் பதினாறு சக்கர லாரிகூட அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

கார்த்திகை முதல் திங்கள்கிழமை சுருளிவேல் எண்பத்திரண்டு தார் ஏற்றிக்கொண்டு மண்டிக்கு வந்தான். பின்னால் எடுக்கத் தொடங்கியதும், கண்ணாடியில் ஊன்றுகோலோடு வனராஜ் தெரிந்தான். "ரைட்... வரலாம்... வரலாம்" என்றது குரல். வண்டி நின்றுவிட்டது.

"இன்னும் வரலாம்ணே. ரெண்டு முழம் கெடக்கு."

சுருளிவேலின் கால் பிரேக்கிலிருந்து எழவில்லை.

"வாங்க, நான் தள்ளித்தான் நிக்கிறேன்" என்றான் வனராஜ். அந்தக் குரலில் கோபமும் இல்லை, பிரியமும் இல்லை, எல்லா வண்டிக்கும் சொல்கிற குரல்தான். சுருளிவேல் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினான். பின்கதவைத் திறந்து, முதல் தாரைத் தோளில் ஏற்றி, இரண்டு முழ இடைவெளியைத் தாண்ட முடியாததால் வண்டியைச் சுற்றி நடந்து, ஐந்து படி ஏறி, மேடையில் கொண்டுபோய் வைத்தான். அடுத்ததற்குத் திரும்பினான். வனராஜ் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, பின்னால் காத்திருந்த வண்டிக்கு வழி சொல்லப் போனான்.

எண்பத்திரண்டு தாரும் அப்படியே இறங்கின. அன்றிலிருந்து தினமும் அப்படித்தான் இறங்குகின்றன. புதிதாக வருகிற வியாபாரிகள், வண்டியை ஏன் மேடையில் ஒட்டி நிறுத்தாமல் இந்த மனிதன் இவ்வளவு பாடுபடுகிறான் என்று கேட்கிறார்கள், மண்டிக்காரர்கள் சில சமயம் சொல்கிறார்கள், சில சமயம் சொல்வதில்லை. வனராஜ் ஒரு நாள்கூடத் தவறாமல், "இன்னும் வரலாம்ணே" என்று கூப்பிடுகிறான். சுருளிவேலுக்கு அது நன்றாகவே கேட்கிறது.